நாற்பத்தெட்டு பிஸ்கட்டும் நாலு தட்டும்

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே நான் நலம். முட்டி வலி இருக்கிறது, அது என்னை விட்டு எங்கே போகப்போகிறது, கண் டாக்டர் சொட்டு மருந்தை இன்னும் ஒரு மாதம் விடச் சொல்லியிருக்கிறார், மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய், சளி விட்டதா, ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய ஸ்கேன் மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது என்றாயே, அதைச் சரி பண்ணி முடித்தாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது. வாராவாரம் போனில் பேசுகிறோமே, இந்த அம்மா எதற்கு இப்போது பேனாவைத் தூக்கினாள் என்று யோசிப்பாய். போனில் என் வாய் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டதடா, நீ கேட்டு முடிப்பதற்குள் அது தானாக ஒன்றைச் சொல்லிவிடுகிறது, சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுகிறது. எழுதும்போது அப்படி ஓடாது, கை வலிக்கிறதே என்றாவது யோசித்து எழுதுவேன். அதனால் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படி, பாதியில் வைத்துவிட்டுப் பதறிக்கொண்டு போனை எடுக்காதே.

முதலில் நல்ல செய்தி. நீ அனுப்பிய ஓவன் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தார்கள், இவ்வளவு பெரிசா எதுக்கும்மா, ஓட்டல் வைக்கப் போறீங்களா என்று ஒருத்தர் கேட்டார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அரிசி டிரம்மை ஹாலுக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிறேன். உள்ளே நீ அடைத்திருந்ததை எல்லாம் ஒன்றொன்றாக எடுத்து வெளியே வைத்தேன், இரண்டு தட்டு, அளவு கப்பு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டிய பீனட் பட்டர் பாட்டில், திராட்சை, பேரீச்சை, ஆப்ரிகாட் பாக்கெட்டுகள், கடைசியாக உன் கையால் எழுதிய செய்முறைக் காகிதம். உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. மேலே கொட்டை எழுத்தில், ஞாயித்துக்கிழமை ஜமாவுக்கு, நாப்பத்தெட்டு வரும்மா, ஆளுக்குப் பத்துக்கு மேல கெடைக்கும் என்று எழுதியிருந்தாய். பேக்கிங் அக்காவுக்குப் பல் போச்சுன்னு சொன்னியேம்மா, அதனாலதான் மெத்துன்னு இருக்கிற பிஸ்கட்டா பார்த்து எழுதியிருக்கேன் என்றும் கீழே ஒரு வரி. பெட்டியின் அடியில் அந்தச் சாம்பல் நிற மஃப்ளர், அதில் குத்தியிருந்த சீட்டில், மேஸ்திரி ஐயாவுக்கு, இருமலுக்கு இதமா இருக்கும். அந்த மஃப்ளரை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, அடுப்பில் வைத்த பால் தீய்ந்து பாத்திரமே போய்விட்டது. மஃப்ளர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பிஸ்கட் கம்பெனியில் மேஸ்திரி, பேக்கிங் அக்கா எல்லாரோடும் முப்பத்தோரு வருஷம் இருந்தவளுக்கு நீ பிஸ்கட் சொல்லிக்கொடுக்கிறாய், காலம் அப்படி ஆகிவிட்டது. நீ குக்கி என்கிறாய், எனக்கு எல்லாம் பிஸ்கட்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த முப்பத்தோரு வருஷம்தான் எனக்கு எதிரியாக வந்து நின்றது. என் வேலை என்ன என்று சின்ன வயதிலேயே நீ பார்த்திருக்கிறாய், ஓவனிலிருந்து பெல்ட்டில் வருகிற பிஸ்கட்டில் வரிசைக்கு ஒன்று எடுத்துக் காதோரம் வைத்து உடைத்துப் பார்க்க வேண்டும், டக் என்று சத்தம் வந்தால் போகலாம், சத்தம் வராமல் வளைந்தால் அந்த வரிசை முழுக்கக் கழிவுத் தொட்டிக்கு. மெத்தென்று வந்த வரிசையை நான் கழித்துவிட்டால் மேஸ்திரிக்கு மேலே இருந்து கடுதாசி வரும், அவர் என்னைப் பார்த்து, நீ காதைப் பொத்திக்கிட்டுப் போகக் கூடாதா தாயே என்பார். அப்படி வளர்ந்த கை இது. வியாழக்கிழமை பாதி அளவு மாவு பிசைந்து பார்த்தேன். பழத்தை எல்லாம் வெந்நீரில் ஊறப்போட்டு, துண்டில் ஒற்றி எடுத்து, பேரீச்சையைக் கத்திரிக்கோலால் நறுக்கி, உருண்டை பிடித்து, முள்கரண்டியால் மேலே அழுத்திக் கோடு போட்டு, எல்லாம் நீ எழுதியபடிதான். பதினோரு நிமிஷத்துல எடுத்துடும்மா, ஓரம் மட்டும் வெந்து நடுவில பச்சையா தெரியும், பயப்படாதே, தட்டுலயே விடு, தானா சேர்ந்துக்கும் என்று எழுதியிருந்தாய். பதினோரு நிமிஷத்தில் கதவைத் திறந்து பார்த்தேன். நடு அப்படியே தளதளவென்று இருக்கிறது. வேகாததை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. கதவை மூடிவிட்டுப் பதினேழு நிமிஷத்தில்தான் எடுத்தேன். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உடைத்தேன், டக் என்றது பார், அப்படியே பூரித்துப் போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, இது பல் இல்லாதவர்களுக்குச் செய்த பிஸ்கட் என்று.

வெள்ளிக்கிழமை மறுபடி. இந்தத் தடவை பதினோரு நிமிஷத்தில் வெளியே எடுத்துவிட்டேன், ஆனால் பக்கத்திலேயே நின்றுகொண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போயிற்று, அவ்வளவுதான், தட்டைத் தூக்கித் திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன். அதுவும் டக். சனிக்கிழமை காலையில் எனக்கே என் மேல் கோபம் வந்துவிட்டது. நாற்பத்தெட்டுக்கும் சேர்த்து மாவு பிசைந்தேன், ஒவ்வொரு தட்டையும் நேரத்துக்கு வெளியே எடுத்து மேடை மேல் வைத்ததும் சமையலறைக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு பால்கனியில் போய் நின்றுகொண்டேன். பத்து நிமிஷம். எதிர்க் கட்டடத்தில் ஒருத்தி துணி உலர்த்துவதை எண்ணிக்கொண்டு, உள்ளே போகக் கூடாது, போகக் கூடாது என்று. இப்படி நாலு தடவை தாழ் போட்டுத் தாழ் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து இந்த அம்மாளுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பாள். ஆனால் நீ சொன்னது சரிதானடா. தானாகவே சேர்ந்துகொண்டது. கையில் எடுத்தால் லேசாக வளைகிறது, வாயில் வைத்தால் கடலை வாசனை மூக்கு வரைக்கும் ஏறுகிறது, பல்லுக்கு வேலையே இல்லை, நடுவில் பேரீச்சை ஒட்டிக்கொண்டு, திராட்சை சாறோடு இருந்து, ஆப்ரிகாட் மட்டும் கொஞ்சம் புளித்து, நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அருமையாக வந்திருக்கிறது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். ஹாலில் அரிசி டிரம்தான் இருந்தது.

இனி நான் எழுத வந்த விஷயம். போன புதன்கிழமை போனில் நீ இரண்டு சொன்னாய். ஒன்று, ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிடற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா என்றாய். இரண்டாவது, இங்க இன்னும் மூணு வருஷத்துக்கு இருக்கச் சொல்றாங்கம்மா, மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும், உனக்கு அங்க ஆளுங்க இருக்காங்கங்கிற தைரியத்திலதான் சரின்னு சொல்லலாம்னு இருக்கேன், தனியா இருந்தேன்னா யோசிச்சிருப்பேன் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா. போடுடா, எனக்கு என்ன குறைச்சல், இவங்க தொல்லை தாங்க முடியலை என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

இன்றைக்கு மூன்றரை மணிக்கு மேசையைத் துடைத்து, நல்ல விரிப்புப் போட்டு, நாலு தட்டு வைத்தேன். நாலு கப் டீ. தட்டுக்கு மூன்று பிஸ்கட். யார் எங்கே உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியுமே, ஜன்னலோரம் மேஸ்திரி, அவருக்கு எதிரே கம்பெனியில் வருகைக் கணக்குப் பார்த்த டைம் ஆபீஸ் சார், சமையலறைப் பக்கம் பேக்கிங் அக்கா, ஓடி ஓடி எடுத்து வைக்கிறவள் அவள்தான். மேஸ்திரி தட்டில் ஒரு பிஸ்கட்டைப் பாதி அளவுக்கு ஒரே கடியாகக் கடித்து வைத்தேன், அவர் சாப்பிடுவது அப்படித்தான். சார் தட்டில் மூலையில் கொஞ்சமாகக் கடித்து, திராட்சையை எல்லாம் நோண்டி எடுத்துத் தட்டு ஓரத்தில் அடுக்கினேன், அவருக்குத் திராட்சை ஆகாது. அக்கா தட்டில் ஓரத்தை மெல்லக் கொறித்த மாதிரி, என் தட்டில் நான் எப்போதும் கடிக்கிற மாதிரி. நாலு கப்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் குடித்தேன், சாருடையதை மட்டும் முழுக்கக் குடித்து முடித்தேன், அவர் சூடு ஆறுவதற்குள் குடித்துவிடுவார். மஃப்ளரை மேஸ்திரி நாற்காலியில் தொங்கவிட்டேன். ஆட்கள் எங்கே என்று நீ கேட்டால், போட்டோ என்றதும் வெட்கப்பட்டு எல்லாரும் பால்கனிக்கு ஓடிவிட்டார்கள் என்று சொல்வதாக யோசித்து வைத்திருந்தேன். போட்டோவும் நன்றாகத்தான் விழுந்தது, வெளிச்சம் நல்ல வெளிச்சம்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்காமல் அனுப்ப எனக்கு வராது, அது தொழில் புத்தி. என் முன்பல் ஓரம் உடைந்திருக்கிறதல்லவா, நூலைப் பல்லால் கடித்துக் கடித்து உடைந்தது, நீகூடச் சின்ன வயதில் அம்மா பல்லுல ஜன்னல் இருக்கு என்பாய். மேஸ்திரி கடித்த பிஸ்கட்டில் கடித்த இடத்தின் நடுவே சின்னதாக ஒரு மேடு நிற்கிறது. சார் கடித்ததிலும் அதே மேடு. அக்காவுடையதிலும், பல்லே இல்லாத அக்காவுடையதிலும்! முறுகலாக வந்திருந்தால் உடைந்து உதிர்ந்து போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது. மெத்தென்று வந்ததால் அச்சு எடுத்த மாதிரி நாலிலும் என் பல் ஒன்றே ஒன்று. உனக்குக் கண்ணில் பட்டிருக்காது, எனக்குத் தெரியும், நீ பார்த்து சந்தோஷப்பட்டிருப்பாய். ஆனால் முப்பத்தோரு வருஷம் கழிவு பொறுக்கிய கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. போட்டோவை அழித்துவிட்டேன். நாலு தட்டும் இன்னும் மேசையிலேயே இருக்கிறது, அதில் என் தட்டை மட்டும் நகர்த்திவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

யாரும் வருவதில்லை தம்பி. முதலில் பொய் இல்லை, அதை நம்பு. நாங்கள் வேலையை விட்டு வந்த முதல் ஒன்றரை வருஷம் நாலு பேரும் உண்மையாகவே ஞாயிறுதோறும் கூடினோம், நீ போனில் அவர்கள் குரலைக் கேட்டிருக்கிறாய். பிறகு டைம் ஆபீஸ் சாரை அவர் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான், அங்கே இப்போது அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். பேக்கிங் அக்கா மகள் வீட்டோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது, அவள் பல்லுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, போனில் பேச எதுவும் இல்லாமல் போகவே பேச்சுக்கு அதையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன். மேஸ்திரி போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. எடுத்த அன்றைக்கு நான் போயிருந்தேன், திரும்பி வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது நீ போன் செய்தாய், பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று அவ்வளவு குதூகலமாகச் சொன்னாய், மேஸ்திரி ஐயாகிட்டயும் சொல்லும்மா என்றாய். அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வேன். அவருக்கு இருமல், படுத்திருக்கிறார், சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் இருமல் எப்படி இருக்கிறது என்று நீயே கேட்டாய். வாராவாரம் அந்த இருமலைக் குறைத்தும் கூட்டியும் நான் பதினாலு மாதம் அவரை உயிரோடு வைத்திருந்தேன். நீ ஆசையாக வாங்கி அனுப்பிய மஃப்ளர் வந்ததும் என் வண்டவாளம் என் மடியிலேயே வந்து விழுந்த மாதிரி இருந்தது. அதை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, காலையில் பால் வாங்கப் போகும்போது நானே கழுத்தில் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நீ என்னை நினைத்துக் கவலைப்படக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. மீதி என்னவென்றால், உன்னிடம் சொல்லும் அந்த அரை மணி நேரம் அவர்கள் எல்லாரும் வந்து போகிற மாதிரி எனக்கே இருந்தது. போனை வைத்த பிறகு வீடு கிணறு மாதிரி இருக்கும். தனியாக இருக்கிறேனடா, ரொம்பத் தனியாக இருக்கிறேன். பேச ஆள் இல்லாமல் இருப்பது பழகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு இரண்டு வருஷமாகப் பழகவில்லை. ஓட்டை வானொலியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். இதை எல்லாம் படித்துவிட்டு நீ மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்று எழுதவில்லை. அந்த வேலைக்கு நீ எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியும், அந்தக் கையெழுத்தை நீ போட்டால் எனக்குப் பெருமைதான். போடு. ஆனால் இல்லாத மூன்று பேரை நம்பிப் போடாதே, அம்மா தனியாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு போடு. போடாவிட்டாலும் அதே மாதிரி, தெரிந்துகொண்டு விடு. மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, நாளைக்குக் காலையில் தபாலாபீஸ் திறந்ததும் விரைவுத் தபாலில் போடுகிறேன், அதற்குள் வந்துவிடும். கோபம் வந்தால் திட்டு, அம்மாவே இப்படிப் புளுகலாமா என்று நன்றாகவே திட்டு, கேட்டுக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ புதன்கிழமைதான் கூப்பிடுகிறாய், வேலைக்கு நடுவில், ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டே, பின்னால் யாராவது உன்னை அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாள் முழுக்க லீவு. அன்றைக்கு ஏண்டா கூப்பிட மாட்டேன் என்கிறாய் என்று போன வருஷம் ஒரு தடவை கேட்டேன். அன்னைக்கு உன் ஆளுங்க வருவாங்களேம்மா, நடுவில நான் எதுக்கு, நீ நிம்மதியா இரு என்றாய். நானும், ஆமாம் ஆமாம், அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, நீ அங்கே சும்மா இருந்திருக்கிறாய், நான் இங்கே சும்மா இருந்திருக்கிறேன்.

நல்லபடியாக இரு, நோய் நொடி இல்லாமல் இரு, கை வைத்த மெஷின் எல்லாம் ஓடட்டும், உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் உன்னைத் தாங்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மறக்காமல் இதை மட்டும் செய், ஞாயிற்றுக்கிழமை இங்கே நாலு மணி ஆகும்போது கூப்பிடு. வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், நான்தான் எடுப்பேன்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா